வானலைக்கும் எல்லைக்கல் உண்டோ?

எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களில் நாள்தோறும் ஒலிக்கும் சொற்களில் ‘ரேஞ்ச்’ என்பதும் ஒன்றாகிவிட்டது. “ரேஞ்ச் இல்லை”, “ரேஞ்ச் போயிற்று”, “மேட்டுக்கு ஏறினால் ரேஞ்ச் வரும்” என்று மூணாற்று லயங்களிலும் வாளையார்க் கடைத்தெருவிலும் பேசிக்கொள்கிறார்கள். மலையாளத்தோடு பழகிப் பெற்ற இச்சொல்லை ஊர்ப்பக்கத்து உறவினர் ‘சிக்னல்’ என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: கைபேசியைத் தேடி வரும், கண்ணுக்குப் புலனாகாத அலை. அவ்வலை நம் வீட்டுக்கு வருவதும் வராததும் மலையின் செயல் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். மலைக்கு அதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் டில்லியில் எழுதப்படும் சட்டத்துக்கும், அங்கே நடைபெறும் ஏலத்துக்கும், மாநில எல்லையை ஒட்டிக் கிழிக்கப்பட்ட ஒரு கோட்டுக்கும் அதனினும் குறையாத பங்குண்டு. ஐந்தாம் தலைமுறை அலைபேசி வந்துவிட்டது. ஆறாம் தலைமுறைக்கான விதிகள் உருவாகி வருகின்றன. இத்தருணத்தில் அவற்றைப் பற்றி நம் சங்க அன்பர்கள் சற்று அறிந்திருத்தல் நலம்.

அலைக்கற்றை என்பது யாது? இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு உவமையும் அங்கிருந்தேதான் வருகிறது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பிளாக் பகுதியில் ஒரே வேளையில் ஒரு வண்டியே செல்லலாம். முன்னே சென்ற வண்டி அப்பகுதியைக் கடந்து, ‘லைன் கிளியர்’ கிடைத்த பின்னரே பின்வண்டி புறப்படும். இந்த ஒழுங்கு குலைந்தால் விபத்து. வானலையின் நியதியும் ஏறத்தாழ இதுவே. ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில் இருவர் பேசத் தொடங்கினால் இருவர் பேச்சும் கெட்டுவிடும். ஆகவே இன்ன அலைவரிசை இன்னாருக்கு என்று வகுத்துக் கொடுக்க ஓர் அதிகாரம் வேண்டியிருக்கிறது. உலக அளவில் இதைச் செய்வது ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். நம் நாட்டில் தொலைத்தொடர்பு இலாகாவின் கீழ் 1952-ஆம் ஆண்டு ஏற்பட்ட கம்பியில்லாத் தொடர்புத் திட்டப் பிரிவு இதைக் கவனிக்கிறது. விலையையும் நிபந்தனையையும் பற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை கூற 1997-இல் அமைந்தது ‘டிராய்’ எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் ஆட்சி செய்த இத்துறையில், அவற்றின் இடத்தை நிரப்பவென 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் பல பிரிவுகள் 2024 ஜூன், ஜூலை மாதங்களில் நடைமுறைக்கு வந்தன.

இனி, இந்த அலை யாருக்குச் சொந்தம்? 1995 பிப்ரவரியில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. வானலைகள் பொதுச் சொத்து. மக்களின் நலத்தைக் கருதியே அவை பயன்பட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கேட்டு மகிழத்தக்க வாசகம்தான். ஆனால் பொதுச் சொத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதில் பின்னர் பெரும் புயல் எழுந்தது. 2008 ஜனவரியில், 2001-ஆம் ஆண்டு விலைக்கே 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. 2012 பிப்ரவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவை அத்தனையையும் ரத்துச் செய்து, ஏலமே தக்க வழி என்றது. குற்றஞ்சாட்டப்பட்டோரைத் தனி நீதிமன்றம் 2017 டிசம்பரில் விடுதலை செய்ததும், அதன்மேல் செய்யப்பட்ட முறையீட்டை டில்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஏற்றுக்கொண்டதும் பத்திரிகை படிப்போர் அறிந்தவை. அவ்வரசியலுக்குள் நாம் புக வேண்டுவதில்லை. நமக்கு வேண்டியது வேறொன்று. அதே 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்கு விடையாக, இயற்கை வளங்கள் அனைத்துக்கும் ஏலம் ஒன்றே அரசியல் சட்டம் விதித்த வழி அன்று எனவும், பொது நலத்துக்கு உகந்த பிற வழிகளும் ஏற்புடையவையே எனவும் அந்நீதிமன்றம் விளக்கியது. இந்த இரண்டாவது விடை மக்கள் நினைவில் அவ்வளவாக நிற்கவில்லை.

ஏலம் என்றால் நம்மவர்க்குச் சொல்லித் தர வேண்டுவதில்லை. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் விலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பழகியவர்கள் நம்மிடையே பலர். விலை பிடிக்கவில்லையெனில் காயைத் திரும்ப எடுத்து வைத்து வேறொரு நாள் விற்கலாம். சரக்குக் கையில் இருக்கும். அலைக்கற்றை அத்தகைய சரக்கு அன்று. விற்காமல் ஓர் ஆண்டு கிடந்தால் அவ்வாண்டின் பயன் போயிற்று, போனதுதான். வண்டி புறப்பட்ட பின் காலியாய்ச் சென்ற படுக்கை இருக்கையைப் போல. இந்த வேற்றுமையை மறந்ததன் விளைவை 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கதையில் காணலாம்.

அலைவரிசைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், நெடுந்தூரம் செல்லும், மேடு, மரம், சுவர் ஆகியவற்றை ஓரளவு வளைந்தும் ஊடுருவியும் வரும். ஐந்தாம் தலைமுறைக்கு நகரங்களில் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசையின் அலை ஒன்பது சென்டிமீட்டர் அளவே. மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால் எட்டும் தூரம் குறைவு. 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ ஒரு சென்டிமீட்டர் சொச்சம். இலை மறைத்தாலே தளர்ந்துவிடும். ஆக, தேயிலைச் சரிவுக்கும் ஏலக்காட்டுக்கும் ஏற்றது நீண்ட அலைதான் என்பது வெளிப்படை. அந்த நீண்ட அலையை 2016-இல் அரசாங்கம் ஏலத்துக்கு வைத்தபோது, நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் குறித்த அடிப்படை விலை 11,485 கோடி ரூபாய். ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் 6,568 கோடியாகக் குறைத்தனர். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. 2022-இல் 3,927 கோடியாக்கிய பின்னரே ஒரு நிறுவனம் 22 வட்டங்களிலும் பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. இடையில் கழிந்த ஆறு ஆண்டுகளில் அந்த அலை யாருக்கும் பயன்படவில்லை. கருவூலத்துக்கும் அதனால் ஒரு காசு வரவில்லை. விலை அதிகம் கேட்பதே பொதுச் சொத்தைக் காப்பது என்று நினைப்பவர்கள் இக்கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டு ஏலம் ஜூலை 26 முதல் ஆகஸ்டு 1 வரை ஏழு நாள், நாற்பது சுற்று நடந்தது. 72,098 மெகாஹெர்ட்ஸ் வைத்ததில் 51,236 விற்பனையாகி, 1,50,173 கோடி ரூபாய்க்கு முடிந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. 2024 ஜூனில் நடந்த அடுத்த ஏலம் இரண்டே நாளில் 11,340 கோடியோடு ஓய்ந்தது.

மேலே ‘வட்டம்’ என்றேனே, அதில்தான் எல்லையோரத்தார்க்கு உரிய சிக்கல் இருக்கிறது. அலைக்கற்றை நாடு முழுமைக்கும் ஒன்றாக விற்கப்படுவதில்லை. 22 வட்டங்களாகப் பிரித்து விற்கப்படுகிறது. கேரளம் ஒரு வட்டம். லட்சத்தீவும் அதில் அடக்கம். தமிழ்நாடு வேறொரு வட்டம். 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது வரைந்த கோடே வானலைக்கும் கோடாயிற்று. தேவிகுளம், பீர்மேடு பற்றி அக்காலத்தில் எழுந்த வாதங்களைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்; அவற்றை இங்கே கிளறுவது நம் நோக்கமன்று. நிலத்தில் கல் நட்டால் நிற்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக்கு வாளையார்ச் சோதனைச் சாவடி தெரியுமா? அலைக்கும் தெரியாது.

தெரியாத அலைக்குத் தெரிய வைக்கும் பொறுப்பு நிறுவனங்களுடையது. கேரள வட்டத்தில் ஒரு நிறுவனம் பெற்ற அலைவரிசையைத் தமிழ்நாட்டு வட்டத்தில் மற்றொரு நிறுவனம் பெற்றிருக்கலாம். எல்லையருகே நிற்கும் டவர் முழு வலிமையோடு ஒலிபரப்பினால் அடுத்த வட்டத்தாரின் அலையைக் கெடுக்கும். ஆதலின் அங்கே ஆன்டெனாவைத் தாழ்த்தியும் திருப்பியும் வலிமையைக் குறைத்தும் வைக்கிறார்கள். இருபுறத்தாரும் இவ்வாறு கைகளைச் சுருக்கிக்கொண்டால் நடுவில் கிடக்கும் ஊருக்கு யார் அலை வரும்? கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், கம்பம்மெட்டு, போடிமெட்டு போன்ற இடங்களில் வாழ்வோர் சில வேளை இரு மாநில டவர்களுக்கும் இடையே கைபேசி தாவித் தாவி ஓய்வதைப் பார்த்திருப்பர். பரம்பிக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. சாலை வழியோ தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான். மனிதர் போக்குவரத்துக்கே கோடு பொருந்தாத இடத்தில் அலைக்கு மட்டும் பொருந்துமா?

ஒரு காலத்தில் இத்தாவலுக்குக் காசும் கொடுத்தோம். வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கைபேசி எல்லை தாண்டிய டவரைப் பற்றிக்கொண்டால், வந்த அழைப்புக்கும் ‘ரோமிங்’ கட்டணம் விழும். கேரளத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என இரண்டு சிம் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். 2015 ஜூனில் அரசு நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல். வரும் அழைப்புக்கான ரோமிங் கட்டணத்தை நீக்கியது. 2017-க்குள் ஏனையோரும் நீக்கினர். காசுத் தொல்லை தீர்ந்தது. வேறு தொல்லை தீரவில்லை. அவசர எண் 112-ஐ அழைத்தால், அழைப்பு எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டவர்தான். மழை, வெள்ள எச்சரிக்கையும் டவர் வழியாகவே கைபேசிக்கு வருகிறது. இடுக்கி மலையில் இருப்பவரின் கைபேசி தேனிப் பக்கத்து டவரைப் பிடித்திருந்தால், அவருக்கு உரிய எச்சரிக்கை அவரைத் தேடி வராமற் போகக்கூடும்.

இதைச் சிறு விஷயமென்று நினைக்க இடமில்லாதபடி 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு நடந்தது. மூணாற்றுக்கு மேலே ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் நம்மவர், தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பத்தார். அன்று அங்கே மின்சாரம் இல்லை. கைபேசி அலையும் இல்லை. இரவில் நிகழ்ந்த சேதி வெளியுலகுக்கு எட்ட மறுநாள் காலையாயிற்று. அலை இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று கணக்கிட நாம் யார்? ஆனால் மண்ணுக்கடியில் உயிர் ஊசலாடும் நேரத்தில் ஓரிரவு என்பது எத்தனை நீளமென்று மலையில் வாழ்பவர்க்குத் தெரியும். அதே பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் பள்ளிகள் மூடியிருந்த தொற்றுக் காலத்தில் பாடம் கேட்பதற்காக இரவிகுளம் பூங்காச் சாலைவரை ஏறிச்சென்று, மழையில் குடை பிடித்து நின்ற காட்சியும் செய்திகளில் வந்ததே.

விதிகள் இத்தகைய இடங்களை எவ்வாறு காண்கின்றன? ஏலத்தில் அலைக்கற்றை பெற்றவர் இத்தனை ஆண்டுக்குள் இத்தனை இடங்களுக்குச் சேவை கொண்டுசெல்ல வேண்டுமென நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையின் அளவுகோல் பெரும்பாலும் மாவட்டத் தலைநகர், நகரம், பிளாக் தலைமையிடம் என்பனவே. பிளாக் தலைமையிடத்தில் அலை எட்டினால் கணக்குத் தீர்ந்தது. அங்கிருந்து இருபது மைல் தொலைவிலுள்ள டிவிஷன் லயம் எந்தப் பத்தியிலும் வராது. டிராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிகளையும் பாருங்கள். சேவை 24 மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால் மாதக் கட்டணக்காரருக்குக் கட்டணக் கழிவும், முன்பணக்காரருக்குக் காலநீட்டிப்பும் தர வேண்டுமென்பது நல்ல விதிதான். ஆயின் அங்கே எண்ணப்படும் தடை மாவட்ட அளவிலானது. ஒரு மலைமுகட்டில் ஒற்றை டவர் நான்கு நாள் அணைந்து கிடந்தால் அது மாவட்டத் தடை ஆகாது. அந்த லயத்தாருக்கோ அதுவே உலகம் முழுவதும் தடைப்பட்டதற்குச் சமம்.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று சொல்வது நியாயமாகாது. நிறுவனங்களின் வருவாயிலிருந்து ஒரு பங்கைப் பெற்று, எட்டாத ஊர்களுக்குச் செலவிடும் நிதி ஒன்று 2002 முதல் உண்டு. புதிய சட்டத்தில் அதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். 2022 ஜூலையில் மந்திரி சபை, அலை எட்டாத 24,680 கிராமங்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை தர 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. பி.எஸ்.என்.எல். உள்நாட்டுக் கருவிகளைக் கொண்டு அமைத்த நான்காம் தலைமுறை வலை 2025 செப்டம்பர் 27-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. இவை எல்லாவற்றினும் நமக்கு அணுக்கமானதாக நான் கருதுவது 2025 ஜனவரியில் வந்த ஓர் ஏற்பாடு. அந்த நிதியில் எழுந்த டவர்களில், வட்டத்துக்குள்ளேயே ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் அலையைப் பயன்படுத்தலாம் என்பதே அது. மலையில் ஒரு டவர் போதும். யார் சிம் என்ற கேள்வி இல்லை. இத்துணை எளிய ஏற்பாட்டை நிதி டவர்களோடு நிறுத்தாமல், எல்லையோரத்தில் வட்டம் கடந்தும் ஏன் விரிக்கலாகாது?

இரயில்வேயின் உதாரணம் இங்கே பொருத்தமானது. 2021 ஜூனில் மந்திரி சபை அதே 700 வரிசையில் ஐந்து மெகாஹெர்ட்ஸை இரயில்வேக்கு ஏலமின்றி ஒதுக்கியது. ஓட்டுநரும் கார்டும் நிலையமும் இடையறாது பேசவும், வண்டிகள் மோதாமல் காக்கும் ‘கவச்’ அமைப்பு செம்மையாக இயங்கவும் அது பயன்பட வேண்டுமென்பது கருத்து. பயணியின் உயிருக்கு ஏலம் கூற முடியாது என்று ஒப்புக்கொண்ட செயல் அது; முற்றிலும் சரி. லயத்தில் உறங்குபவரின் உயிரும் அதே நிறையுடையதன்றோ?

புதிய சட்டத்தின் ஏழாம் பிரிவில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பெற்ற அலைக்கற்றை தக்க காரணமின்றிப் பயன்படாமல் கிடந்தால், அதை முழுமையாகவோ ஒரு பகுதியையோ அரசாங்கம் திரும்பப் பெறலாம். பகிர்வதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் இடம் தரலாம். நாடு முழுவதும் அலைக்கற்றை வாங்கியவர் மலைப்பகுதியில் அதை மூட்டைகட்டி வைத்திருந்தால், அந்தப் பகுதியளவுக்கு மட்டும் பிறருக்குக் கொடு என்று கேட்பதற்கு இது போதிய ஆதாரம் என்பது என் துணிபு. வானிலிருந்தே அலை அனுப்பும் செயற்கைக்கோள் சேவை வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்று சிலர் கூறுவர். அதற்கும் ஏலமில்லை, வருவாயில் நூற்றுக்கு நான்கு வாங்கலாமென டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஆனால் தட்டையும் கருவியும் மாதச் சந்தாவும் தோட்டக் கூலிக்குக் கட்டுபடியாகுமா என்பதைப் பார்த்துத்தான் மகிழ வேண்டும்.

ஆறாம் தலைமுறைக்கு வருவோம். 2023 இறுதியில் துபாயில் கூடிய உலக வானலை மாநாடு 6 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் மேற்பகுதியை அலைபேசிக்கெனப் பல நாடுகளுக்குக் குறித்தது. நாம் அடங்கிய மூன்றாம் மண்டலத்துக்கு 7025 முதல் 7125 வரையுள்ள துண்டு. அடுத்த மாநாடு 2027-இல் ஷாங்காயில். அங்கே பேசப்படுவன பெரும்பாலும் இன்னும் குறுகிய அலைகளே. நகரத்துக்குப் பொன், மலைக்குப் பித்தளை. நமக்குரியது மறுகோடியில் உள்ள 600 மெகாஹெர்ட்ஸ். அதன் அலை அரை மீட்டர் நீளம். 700-ஐயும் விஞ்சித் தூரம் செல்லும். 2022 ஏலத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் டிராய் வெளியிட்ட கலந்தாலோசனை ஏட்டில், அடுத்த ஏலத்துக்கான வரிசைகளுள் 600-உம் 6 கிகாஹெர்ட்ஸின் மேற்பகுதியும் இடம்பெற்றன. 700-க்கு நேர்ந்த கதி அதற்கும் நேராதிருக்க வேண்டுமாயின், விலையைக் குறைத்து, குறைத்த அளவுக்குத் தூரத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும். பணமாக வாங்குவதில் ஒரு பங்கை டவராக வாங்கினால் என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வாறான ஏடுகள் நிறுவனங்களுக்கு மட்டும் உரியன அல்ல. எவரும் கருத்து எழுதலாம். வந்த கருத்துகளைத் தன் இணையதளத்தில் வெளியிடுவது ஆணையத்தின் வழக்கம். கம்பெனிகள் வக்கீல்களைக் கொண்டு நூறு பக்கம் எழுதுகின்றன. லயங்களிலிருந்து ஒரு பக்கம் போவதும் அரிதாயிருக்கிறது. நம் சங்கக் கிளைகள் இதைச் செய்யலாம். எஸ்டேட், டிவிஷன், லயத்தின் பெயர். எந்த நிறுவனத்தின் அலை எங்கே வருகிறது, எங்கே வரவில்லை. எந்த நாள், எத்தனை மணி நேரம் டவர் அணைந்திருந்தது. கைபேசி எந்த மாநிலத்தின் டவரைப் பிடிக்கிறது. இவற்றை ஒரு நோட்டில், மழைக்காலம் தொடங்கும் ஜூன் முதல் நவம்பர் வரை குறித்து வைத்தால் போதும். நிறுவனங்கள் தங்கள் அலை பரவும் இடங்களைப் படமாகத் தங்கள் இணையதளங்களில் வெளியிட வேண்டுமென்று டிராய் விதித்திருக்கிறது. அப்படத்தில் பச்சையாகக் காட்டப்பட்ட இடமும் நம் நோட்டில் ‘ரேஞ்ச் இல்லை’ என்று குறித்த இடமும் ஒன்றாக இருக்குமாயின், அவ்விரண்டையும் சேர்த்தே அனுப்பலாம்.